காலாவதியான டோனர் பிளேட்லெட் பையிலிருந்து லைசேட் தயாரிப்பது எப்படி, அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது

ரத்த வங்கியில் ஒரு பிளேட்லெட் பைக்கு ஆயுள் ஐந்தே நாள். அதற்குள் யாருக்கும் ஏற்றவில்லை என்றால் மஞ்சள் நிறக் கழிவுப் பையில் போட்டு எரிக்க அனுப்பிவிடுவார்கள். சிவப்பணுவை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டலாம், பிளாஸ்மாவை உறைய வைத்து ஒரு வருடம்கூட வைத்திருக்கலாம். ஆனால் பிளேட்லெட்டைக் குளிரில் வைத்தால் அதன் வடிவம் மாறிவிடும், ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே நோயாளியின் உடம்பு அதை வெளியேற்றிவிடும். அதனால்தான் 20 முதல் 24 டிகிரி செல்சியஸில், ஆட்டிக்கொண்டே இருக்கும் அஜிடேட்டரில் வைக்கிறார்கள், அந்த வெப்பநிலை பாக்டீரியாவுக்கும் சொகுசானது என்பதால்தான் இந்த ஐந்து நாள் கெடு.

கெடு முடிந்த பை ரத்தம் ஏற்றுவதற்கு ஆகாது, சரி. ஆனால் உள்ளே இருக்கும் வளர்ச்சிக் காரணிகள் ஆறாம் நாள் காலையில் மாயமாக மறைந்துவிடுவதில்லை. அவற்றை எடுத்து ஸ்டெம் செல் வளர்க்கும் மீடியாவில், அதாவது செல்லுக்கு உணவான திரவத்தில் சேர்க்கலாம். அப்படி எடுக்கும் சாறுதான் பிளேட்லெட் லைசேட். செல் கல்ச்சர் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர்கள், ரத்த வங்கி டெக்னீஷியன்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். 'டோனர் பிளேட்லெட் ஊசி போட்டால் மூட்டு தேய்மானம் சரியாகும்' என்று ஏதாவது கிளினிக்கில் கேட்டுவிட்டு வந்து தேடுகிறவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போகலாம். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வேறொருவர் கொடுத்த பிளேட்லெட்டுக்கு முதல் இடம் கல்ச்சர் ஃபிளாஸ்க், அடுத்த இடம் ஆறாத புண்ணின் மேற்பரப்பு. மூட்டுக்குள் போகும் சிரிஞ்சு எல்லாவற்றுக்கும் கடைசி.

ஏன் இது வேலை செய்கிறது

பிளேட்லெட் முழு செல் இல்லை, அதற்குக் கரு கிடையாது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்கிற பெரிய செல் உதிர்க்கும் துணுக்கு அது, ரத்தத்தில் எட்டு முதல் பத்து நாள் சுற்றும். அதற்குள் ஆல்ஃபா துகள்கள் என்று குட்டிக் குட்டிப் பொட்டலங்கள் உண்டு. பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா, வி.இ.ஜி.எஃப்., ஐ.ஜி.எஃப். என்று செல்களைப் பெருகச் சொல்லும் புரதங்கள் எல்லாம் அதில்தான் அடைபட்டுக் கிடக்கின்றன. காயம் பட்டால் பொட்டலம் பிரியும். நாம் லேபில் செய்வதும் அதே வேலைதான், காயத்துக்குப் பதில் உறைய வைத்து உருக்குகிறோம், ஐஸ் படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும்.

1974ல் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் குழு இதை அழகாகக் காட்டியது. கட்டியாக உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த திரவமான சீரத்தில் தமனியின் தசைச் செல்கள் நன்றாகப் பெருகின, பிளேட்லெட் நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தில் பெருகவில்லை, பிளேட்லெட் சரக்கைத் திரும்பச் சேர்த்ததும் மறுபடி பெருகின. அதாவது உலகம் முழுக்க லேபுகளில் ஊற்றிக்கொண்டிருக்கும் கன்றுக்குட்டி சீரத்தின் சூட்சுமத்தில் ஒரு பெரிய பங்கு, ரத்தம் உறையும்போது அந்தக் கன்றின் பிளேட்லெட்டுகள் கக்கிய சரக்குதான்.

அந்தக் கன்றுக்குட்டி சீரம் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுக்கு வந்த பசு சினையாக இருந்தால், பிறக்காத அந்தக் கன்றின் இதயத்தில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்திலிருந்து வருவது அது. அறம் சார்ந்த கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும், வளர்த்த செல்லை மனிதருக்கே செலுத்தப் போகிறோம் என்றால் மாட்டுப் புரதம் அந்தச் செல்லோடு ஒட்டிக்கொண்டு போகும், நோயாளியின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கலாம், மாட்டு நோய்க்கிருமி பயம் வேறு. 2005 வாக்கில் மனித பிளேட்லெட் லைசேட்டை அதற்கு மாற்றாக வைத்து மெசன்கைமல் செல்களை (மஜ்ஜை, கொழுப்பு போன்றவற்றில் கிடைக்கும் ஒரு வகை ஸ்டெம் செல்) வளர்க்கலாம் என்று கட்டுரைகள் வரத் தொடங்கின. 2007ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரக் குழு, சிகிச்சைக்குத் தேவையான பெரிய அளவிலேயே அப்படி வளர்க்க முடியும் என்று காட்டியது.

பை வாங்குவதற்கு முன்

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ரத்த வங்கியில் தெரிந்த அண்ணன் இருக்கிறார், எக்ஸ்பைரி ஆன பையை எப்படியும் தூக்கித்தான் போடுவார், வாங்கி வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ரத்தம் கொடுத்தவர் ஒரு நோயாளிக்குப் போகும் என்று நம்பிக் கொடுத்தார். பயன்படாத பகுதி ஆராய்ச்சிக்குப் போகலாம் என்று கொடையாளர் படிவத்தில் ஒரு வரி இருக்க வேண்டும், அதில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். அப்புறம் உங்கள் நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, ரத்த வங்கிப் பதிவேட்டில் 'கழிவு' என்பதற்குப் பதில் 'ஆராய்ச்சிக்கு வழங்கப்பட்டது' என்ற பதிவு. 2016ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் உள்ள பை மஞ்சள் வகையில் கணக்கு காட்டப்பட வேண்டியது, கணக்கில் ஒரு பை குறைந்தால் மாட்டுவது உங்கள் அண்ணன்தான்.

பையில் கொடையாளர் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். ஆனால் அந்த எண்ணை வைத்துத் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். அதே ஆள் அடுத்த மாதம் மறுபடி ரத்தம் கொடுக்க வந்து மஞ்சள் காமாலை வைரஸ் (ஹெபடைட்டிஸ்) பாசிட்டிவ் என்று வந்தால், உங்கள் ஃப்ரீசரில் எந்தக் குப்பியில் அவர் பிளேட்லெட் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

இந்தியாவில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனைகள் கட்டாயம். ஐந்தும் நெகட்டிவ் என்று எழுத்தில் வாங்குங்கள். நெகட்டிவ் என்றாலும் தொற்று உள்ள பொருளாகவே கையாளுங்கள். தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் தெரியாத ஒரு இடைவெளி எப்போதும் உண்டு. பயோசேஃப்டி கேபினட், இரட்டைக் கையுறை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, இவை இல்லாமல் பையைத் திறக்க வேண்டாம்.

இன்னொரு நடைமுறை விஷயம். தமிழ்நாட்டில் மழைக்காலம் ஆரம்பித்து டெங்கு ஏறினால் பிளேட்லெட்டுக்கு அடிதடி நடக்கும், வாட்ஸ்அப் குழு முழுக்க 'எஸ்.டி.பி. டோனர் (இயந்திரத்தில் பிளேட்லெட் மட்டும் கொடுப்பவர்) அவசரமாகத் தேவை' என்றுதான் ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எக்ஸ்பைரி பை கிடைப்பது அரிது. கிடைக்கவில்லை என்பதற்காக நல்ல பையைக் கேட்டு நச்சரிக்கவும் கூடாது. கோடையிலேயே சேர்த்து உறைய வைத்துவிடுங்கள்.

எந்தப் பை நல்ல பை

இரண்டு வகை வரும். முழு ரத்தத்திலிருந்து பிரித்த ஆர்.டி.பி. பை, ஒன்றில் 50 முதல் 70 மி.லி. இருக்கும். இன்னொன்று ஒரே கொடையாளரை இயந்திரத்தில் உட்கார வைத்து எடுக்கும் எஸ்.டி.பி. பை, 200 முதல் 300 மி.லி., அதில் குறைந்தது 30,000 கோடி பிளேட்லெட்டுகள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதை 250 மி.லி.யால் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 12 லட்சம். நம் ரத்தத்தில் ஒன்றரை முதல் நாலரை லட்சம்தான். லைசேட்டுக்கு மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் அருகில் இருந்தால் நல்லது, அதனால் எஸ்.டி.பி. கிடைத்தால் அதையே எடுங்கள், வேலையும் மிச்சம்.

பையைக் கையில் வாங்கியதும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, மெதுவாகச் சாய்த்து, விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். உள்ளே பட்டுத்துணி ஒளியில் அசைவது போல ஒரு மினுமினுப்பு சுழன்று ஓட வேண்டும். இதை ஸ்விர்லிங் என்பார்கள். பிளேட்லெட்டுகள் இன்னும் தட்டு வடிவத்தில் இருக்கின்றன, ஒளியைத் திருப்பி அடிக்கின்றன என்பதற்கு அடையாளம் அது. பி.எச். இறங்கி அமிலத்தன்மை கூடிவிட்டால் எல்லாம் உருண்டையாகிவிடும், மினுமினுப்பு போய் வெறும் கலங்கல் தண்ணீராக நிற்கும். எக்ஸ்பைரி ஆன மறுநாள் பையில் ஸ்விர்லிங் கொஞ்சம் மங்கியிருந்தால் பரவாயில்லை. சுத்தமாக இல்லை என்றால், பை உப்பியிருந்தால், உள்ளே வெள்ளைக் கட்டிகள் மிதந்தால் பாக்டீரியா வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போடுங்கள். ரோஜா நிறம் தட்டினால் சிவப்பணு கலந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். சிவப்பணு உடைந்து வரும் ஹீமோகுளோபின் கல்ச்சருக்கு நல்லதில்லை.

எக்ஸ்பைரி ஆன அன்றோ மறுநாளோ ஃப்ரீசருக்குள் போய்விட வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது பிளேட்லெட் பையாக இருக்காது, பாக்டீரியா கல்ச்சராக இருக்கும்.

உறைய வைத்து உருக்குவது

பையோடு அப்படியே மைனஸ் 80ல் போடாதீர்கள். அந்தக் குளிரில் ரத்தப் பையின் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும், ஃப்ரீசர் தட்டில் லேசாக இடித்தாலே மூலையில் விரிசல் விடும், விரிசல் விட்டது உருக்கும்போதுதான் தெரியும், அதற்குள் வாட்டர் பாத் முழுக்கப் பிளாஸ்மா. கேபினட்டுக்குள் வைத்துப் பையிலிருந்து 50 மி.லி. ட்யூப்களுக்கு மாற்றுங்கள், ஒவ்வொன்றிலும் 40 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம், உறையும்போது விரிய இடம் வேண்டும். லேபிளை ஊற்றுவதற்கு முன்பே ஒட்டுங்கள். பனி படிந்த ட்யூபில் எந்த லேபிளும் ஒட்டாது.

ஒரு இரவு மைனஸ் 80ல் இருக்கட்டும். மறுநாள் 37 டிகிரி வாட்டர் பாத்தில் உருக்குங்கள், ட்யூபை ஜிப் பையில் போட்டு இறக்குவது நல்லது, ஏனென்றால் எந்த லேபிலும் வாட்டர் பாத் தண்ணீரை நம்பக் கூடாது. அவசரம் இல்லையே என்று ஃப்ரிட்ஜில் மெதுவாக உருக்கவிட்டால் ஃபைப்ரினோஜன் (ரத்தத்தைக் கட்டியாக்கும் புரதம்) தனியாகப் பிரிந்து வெள்ளையாகப் படியும், அதனால் 37 டிகிரிதான் சரி. கடைசி ஐஸ் துண்டு கரைந்ததும் எடுத்துவிடுங்கள். மறுபடி மைனஸ் 80. இப்படி உறைய வைத்து உருக்குவதை இரண்டு முதல் ஐந்து சுற்று வரை ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. என்னைக் கேட்டால் மூன்று போதும். எத்தனை சுற்று என்று முடிவு செய்கிறீர்களோ அதை எல்லா பேட்சுக்கும் மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

அடுத்து கலப்பது. ஒருவரின் பிளேட்லெட்டில் பி.டி.ஜி.எஃப். அதிகம், இன்னொருவரிடம் குறைவு, அதனால் ஒரே கொடையாளரின் லைசேட்டை வைத்து ஆராய்ச்சி செய்தால் இன்றைய முடிவு அடுத்த மாதம் வராது. குறைந்தது பத்து கொடையாளரையாவது கலந்து ஒரே பேட்சாக ஆக்குங்கள். கொடையாளர் எண்ணிக்கை கூடக் கூட பேட்சுக்கு பேட்ச் வேறுபாடு குறையும். ஆனால் அதில் ஒருவருக்கு மறைந்திருக்கும் வைரஸ் இருந்தால் மொத்த பேட்சும் போச்சு, இது அந்தப் பக்கத்து கணக்கு. வெறும் லேப் ஆராய்ச்சிக்கு இதை உங்கள் கமிட்டியோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நோயாளிக்குப் போகும் செல்லுக்கான லைசேட் என்றால் அமோடோசலென் என்ற வேதிப்பொருள் சேர்த்துப் புற ஊதாக் கதிர் காட்டுவது போல ஏதாவது ஒரு கிருமி நீக்க முறை வேண்டும், அது மருந்துத் தொழிற்சாலைத் தரத்தில் நடக்க வேண்டிய வேலை, கல்லூரி லேபில் முயற்சி செய்யும் விஷயம் இல்லை.

கலந்ததை 4,000 ஜி விசையில் இருபது நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள், 4 டிகிரியில். ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள், ரோட்டர் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. அடியில் வெள்ளையாகப் படிவது உடைந்த சவ்வுகள். மேலே இருக்கும் இளமஞ்சள் திரவம்தான் லைசேட். கடைசி ஓரிரு மி.லி.க்கு ஆசைப்பட்டுப் பிப்பெட்டை அடிவரை இறக்க வேண்டாம், அந்தச் சவ்வுத் துணுக்குகள் அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் செல்களுக்கு நடுவே மணல் மாதிரி தெரிந்து எரிச்சலூட்டும். மேல் திரவத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒருமுறை உருக்கிய குப்பியைத் திரும்ப உறைய வைக்காத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

ஹெப்பாரின் வரிசை

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. புதிதாக லைசேட் செய்கிறவர்களில் பாதிப் பேர் அனுப்பும் படம் ஒன்றுதான்: பாட்டிலைச் சாய்த்தால் மீடியா நகராமல் ஜெல்லி மாதிரி நிற்கும். லைசேட்டில் பிளாஸ்மா இருக்கிறது, பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் இருக்கிறது, மீடியாவில் கால்சியம் இருக்கிறது. ரத்தப் பையில் இருந்த சிட்ரேட் அதுவரை கால்சியத்தைப் பிடித்து வைத்திருந்தது, மீடியாவில் போட்டதும் கால்சியம் கைக்கு மிஞ்சிவிடும், உறைந்துவிடும்.

அதனால் மீடியாவில் முதலில் ஹெப்பாரின் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து), ஒரு மி.லி.க்கு 2 யூனிட். நன்றாகக் கலக்குங்கள். அதற்குப் பிறகுதான் லைசேட். முதலில் லைசேட்டை ஊற்றிவிட்டு ஹெப்பாரின் பாட்டிலைத் தேடினால் அதற்குள் நார் நாராகத் திரிய ஆரம்பித்திருக்கும். பயந்துபோய் ஹெப்பாரினை நிறையப் போடவும் கூடாது, அளவு மீறினால் செல் வளர்ச்சி குறையும். இன்னொன்று, ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. 'விலங்குப் பொருள் எதுவுமே இல்லாத மீடியா' என்று போஸ்டரில் எழுதுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹெப்பாரினே வேண்டாம் என்றால் லைசேட்டை முன்கூட்டியே (ஃப்ரீசரில் இல்லை, ரத்தம் உறைவது போல) கட்டிப்பட வைத்து, ஃபைப்ரினோஜனிலிருந்து உருவாகும் ஃபைப்ரின் நார்களை எடுத்துவிடலாம். கால்சியம் குளோரைடு சேர்த்து விட்டுவிட்டால் முழுக்கக் கெட்டிப்படும், அதைக் கண்ணாடிக் குச்சியால் கலைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் கட்டி தனியாக, தெளிந்த திரவம் தனியாக வரும். கொஞ்சம் அளவு குறையும். ஆனால் வடிகட்டுவது சுலபமாகும். ஃபைப்ரினோஜன் உள்ள லைசேட்டை 0.2 மைக்ரான் வடிகட்டியில் நேரடியாக அழுத்தினால் இருபது மி.லி.க்குள் அடைத்துக்கொள்ளும், வடிகட்டி விலை தெரிந்தவர்களுக்கு அந்த வலி புரியும். 0.45ல் ஒருமுறை விட்டு அப்புறம் 0.2ல் விடுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது, செல் எப்படி இருக்கும்

கன்று சீரம் 10 முதல் 20 சதவீதம் போடுவார்கள். லைசேட் 5 முதல் 10 சதவீதம் போதும். ஒரு எஸ்.டி.பி. பையிலிருந்து 220 மி.லி. தெளிந்த லைசேட் வந்தது என்று வையுங்கள், 10 சதவீதத்துக்கு 2.2 லிட்டர் மீடியா, 5 சதவீதத்துக்கு 4.4 லிட்டர். எரிக்கப் போக இருந்த ஒரு பை ஒரு சின்ன லேபின் பல வாரத் தேவையைத் தீர்க்கிறது.

மெசன்கைமல் செல்கள் லைசேட்டில் பார்ப்பதற்கே வேறு மாதிரி இருக்கும். கன்று சீரத்தில் பரந்து படர்ந்து கிடப்பவை இதில் மெல்லிசாக, நீளமாக, நூல் நூற்கும் கதிர் வடிவத்தில் நெருக்கமாக வளரும், வேகமாகவும் பெருகும். பழைய பழக்கத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் ஃபிளாஸ்க் எப்போதோ நிரம்பிப் போயிருக்கும். ஒட்டும் பிடியும் தளர்வு, அதனால் ட்ரிப்சின் (ஒட்டிய செல்லைப் பிரித்தெடுக்கும் நொதி) நேரத்தைக் குறைக்க வேண்டும், கேபினட்டில் வைத்துவிட்டு போன் பேசப் போகாதீர்கள். சீரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் செல்லைப் பாதியில் லைசேட்டுக்கு மாற்றி ஒப்பிடவும் வேண்டாம், முதல் நாளிலிருந்தே தனித்தனியாக ஆரம்பியுங்கள்.

வேகமாகப் பெருகினால் மட்டும் போதாது, அது இன்னமும் அதே செல்தானா என்று பார்க்க வேண்டும். 2006ல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வைத்த குறைந்தபட்ச அளவுகோல் இது: பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும், செல்லின் மேற்பரப்பில் சி.டி. 73, 90, 105 என்ற அடையாளப் புரதங்கள் இருக்க வேண்டும், சி.டி. 34, 45 போன்ற ரத்த செல் அடையாளங்கள் இருக்கக் கூடாது, எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாறத் தெரிய வேண்டும்.

லைசேட் பேட்சுக்கும் பரிசோதனை உண்டு. 14 நாள் ஸ்டெரிலிட்டி (கிருமி வளர்கிறதா என்று), மைக்கோபிளாஸ்மா (கல்ச்சரில் ஒளிந்து வளரும் நுண்கிருமி), எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), மொத்தப் புரதம். காசு இருந்தால் எலைசா என்ற புரத அளவீட்டுச் சோதனையில் பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப். பீட்டா அளவு. ஆனால் இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது எளிய ஒன்றை: ஒரே செல்லைப் பழைய பேட்சிலும் புதிய பேட்சிலும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்து எத்தனை மடங்கு பெருகியது என்று எண்ணிப் பார்ப்பது. அதற்காகவே பழைய பேட்ச் குப்பிகள் சிலவற்றை எப்போதும் ஒதுக்கி வையுங்கள்.

நேரடியாக நோயாளிக்கு என்றால்

இப்போது மற்ற வாசகர்களுக்கு. உங்களுடைய ரத்தத்தையே எடுத்து, சுற்றி, பிளேட்லெட்டை மட்டும் செறிவாக்கி உங்களுக்கே போடுவது பி.ஆர்.பி. அதில் தொற்று பயமோ ஒவ்வாத பயமோ குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் ஒரு அழகு நிலையத்தில் 2018ல் முகத்துக்கு பி.ஆர்.பி. போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024ல் விரிவாக அறிக்கை வெளியிட்டது. அங்கே ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியதை மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள், ரத்தம் பிடித்து வைத்த ட்யூப்களில் சரியான லேபிள் இல்லை.

அடுத்தவர் பிளேட்லெட் என்று வந்துவிட்டால் கூடுதலாக மூன்று கேள்விகள். ஒன்று தொற்று. இரண்டாவது எச்.எல்.ஏ., பிளேட்லெட்டின் மேல் இந்த அடையாளப் புரதங்கள் இருக்கின்றன, உடம்பு அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டால் பின்னாளில் பிளேட்லெட் ஏற்றும்போது நிற்காது, சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர் என்றால் பொருந்தும் உறுப்பு கிடைப்பதே சிக்கலாகும். மூன்றாவது ஆர்.எச்., பிளேட்லெட் பையில் கொஞ்சம் சிவப்பணு ஒட்டிக்கொண்டு வரும், குழந்தை பெறும் வயதில் இருக்கும் நெகட்டிவ் பெண்ணுக்கு பாசிட்டிவ் ஆளின் பை போகக் கூடாது.

இவ்வளவையும் தாண்டி ஏன் செய்கிறார்கள்? சொந்த ரத்தம் எடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். கடுமையான ரத்தசோகை, பிளேட்லெட் குறைவு, நரம்பே கிடைக்காத முதியவர், பச்சிளம் குழந்தை. இத்தாலியில் 2015ல் வந்த அரசாணை, ஏற்றுவதற்கு அல்லாமல் வேறு பயனுக்கான ரத்தக் கூறுகள் என்று தனி வகையே வைத்து, சொந்த ரத்தம், டோனர் ரத்தம் இரண்டையும் ரத்த வங்கியின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. மிலான் குழுவினர் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிளேட்லெட் ஜெல் செய்கிறார்கள். ஸ்டெம் செல் மாற்றுக்குப் போதாத அளவுள்ள கொடி ரத்தப் பைகளை எடுத்து, பிளேட்லெட்டை மைக்ரோலிட்டருக்கு 8 முதல் 12 லட்சம் வரை செறிவாக்கி உறைய வைத்து, தேவைப்படும்போது உருக்கிக் கால்சியம் சேர்த்து ஜெல்லாக்கி சர்க்கரை நோய்ப் புண்ணிலும் தோல் உரியும் பிறவி நோயுள்ள குழந்தைகளின் புண்ணிலும் வைக்கிறார்கள். இங்கிலாந்தின் அரசு ரத்த சேவை, டோனர் சீரத்தைக் கண் சொட்டு மருந்தாகக் கடுமையான கண் வறட்சிக்கு வழங்குகிறது.

கவனித்தீர்களா, எல்லாமே மேல் பூச்சு, அல்லது சொட்டு. பிரச்சினை வந்தால் கழுவி எடுத்துவிடலாம். மூட்டுக்குள் போட்டதை எடுக்க முடியாது. அதோடு மூட்டு தேய்மானத்தில் சொந்த பி.ஆர்.பி.யே நிரூபணத்தில் தள்ளாடுகிறது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை 2021ல் வெளிவந்தது, பன்னிரண்டு மாதம் கழித்து வலியிலும் குருத்தெலும்பு அளவிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சொந்தமானதுக்கே இந்த நிலை என்றால், கூடுதல் ஆபத்தோடு அடுத்தவர் பிளேட்லெட்டை மூட்டில் போட்டுக்கொள்ள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு டோனர் பிளேட்லெட் ஜெல் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் கேட்க வேண்டிய வரிசை இது. காலுக்கு ரத்த ஓட்டம் டாப்ளரில் பார்த்தாயிற்றா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, அழுகிய தோலைச் சுரண்டி எடுத்தாயிற்றா, புண்மேல் பாரம் விழாதபடி செருப்போ கட்டோ போட்டிருக்கிறதா. இவை நடக்காமல் ஜெல் மட்டும் வைத்தால் காசுதான் கரையும். அதற்குப் பிறகு, பை உரிமம் உள்ள ரத்த வங்கியிலிருந்து வந்ததா, வெள்ளணு நீக்கியதா, ஜெல்லாக்க எந்த த்ராம்பின் (ரத்தத்தைக் கட்டியாக்கும் நொதி) பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். மாட்டு த்ராம்பின் என்றால் மறுத்துவிடலாம், அதற்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி நம் சொந்த ஐந்தாம் உறைவுக் காரணியையும் தாக்கி ரத்தக்கசிவு வந்த நோயாளிகள் இருக்கிறார்கள்.

டோனர் பிளேட்லெட் லைசேட்டில் வளர்த்த ஸ்டெம் செல் போடுகிறோம் என்று சொன்னால் விஷயமே வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் எல்லாம் மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் இருக்கும், அதை இணையத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். எத்திக்ஸ் கமிட்டி முத்திரை உள்ள ஒப்புதல் படிவம் தமிழில் தருவார்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கவும் விடுவார்கள். அந்த ஊசிக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. மூன்று லட்சம் கட்டினால் நாளைக்கே போடலாம் என்று சொல்லும் இடத்தில் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், தரவில்லை என்றால் ரிப்போர்ட் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.